மார்லிஸ் வாதாடிய கைத்தாங்கி

மார்லிஸ் க்வாம், காப்பீட்டு நிறுவனங்களின் மறுப்புக் கடிதங்களை விரலால் தொடமாட்டாள். உறையைக் கத்தரியின் நுனியால் பிளப்பாள். உள்ளிருக்கும் தாளை அந்நுனியாலேயே இழுத்து மேசைமீது விரிப்பாள். சமையலறைப் பொறியில் செத்துக் கிடக்கும் எலியை அப்புறப்படுத்துகிறவளின் முகம் அப்போது அவளுக்கு வரும். படித்து முடித்ததும் எழுந்துபோய்க் கை கழுவுவாள். ஒரு நாளில் ஆறு கடிதம் வந்தால் ஆறு முறை.

எங்கள் கடை சக்கர நாற்காலிகளையும் அவற்றோடு பூட்டும் துணைக்கருவிகளையும் விற்பது. நான் கருவிகளைப் பொருத்துகிறவன். மார்லிஸ் அவற்றுக்கான காப்பீட்டுத் தொகையைக் கேட்டுப் பெறுகிறவள். மின்னசோட்டாவின் வடமேற்கு மூலையில், சர்க்கரைக் கிழங்கு விளையும் சமவெளியில் பிறந்தவள். பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தவள், மூன்று வாரம் மட்டும் உதவுவதாகச் சொல்லி எங்கள் கடைக்குள் வந்தாள். இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. இடையில் தானியக் கொட்டில் விற்கும் கணவன் ஒருவன் வேறொருத்தியோடு போனான். மகள் படித்து ஃபார்கோவில் குடியேறினாள். மார்லிஸின் தலை நரைத்தது. மேசை மட்டும் இடம் மாறவில்லை.

அவளிடம் ஒரு வித்தை இருந்தது. மருத்துவர் எழுதிய நான்கு பக்கக் குறிப்பைக் கண்ணால் ஒருமுறை துழாவினால், எந்தச் சொல்லுக்குப் பணம் வரும், எந்தச் சொல் கழுத்தை அறுக்கும் என்று சொல்லிவிடுவாள். 'அசௌகரியம்' என்றால் வராது. 'இயலவில்லை' என்றால் வரும். 'விரும்புகிறார்' என்றால் நிச்சயமாக வராது. மேல்முறையீடு செய்தவற்றில் ஐந்துக்கு நான்கு அவள் வென்றவை. அந்த வெற்றி அவளை என்ன செய்துவிட்டது என்பதை ஒருநாள் அவளே சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை கோயில்ல என் பக்கத்துல நிக்கிற பொம்பள, இடுப்பு வலிக்குதுன்னு அழறா. நான் என்ன நினைச்சேன் தெரியுமா? இந்த வார்த்தைக்கு ஒண்ணும் தரமாட்டானுங்களேன்னு. த்தூ! என்ன ஜென்மம் நான்!"

ஆர்வின் ஹெல்லண்ட் மார்ச் மாதத்தில் எங்கள் கடைக்கு வந்தார். எழுபத்தொரு வயது. முப்பத்தைந்து ஆண்டுகள் பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் ஏற்றிவந்த லாரி ஓட்டுநர். தோள்தசை கரையும் நோய் அவருக்கு. விரல்களில் பிடி இருந்தது. கரண்டியை இறுகப் பற்றுவார். பற்றிய கரண்டியை மேலே உயர்த்தத்தான் தோளில் வலு இல்லை. மடிமீது கிடக்கும் அவருடைய இரண்டு கைகளும், எஜமான் இறந்தது தெரியாமல் வாசலில் காத்திருக்கும் இரண்டு நாய்களைப் போலிருந்தன. மூன்று வேளையும் மனைவி லவோன்தான் ஊட்டினாள்.

கைத்தாங்கி என்பது பெரிய அதிசயமன்று. நாற்காலியின் முதுகுக் கம்பியில் பூட்டும் ஓர் எஃகுத் தண்டு. அதில் இரண்டு மூட்டுகள். முனையில் முன்கையை ஏந்தும் சிறு தொட்டி. கையின் பாரத்தை அது வாங்கிக்கொள்ளும். மிச்சமிருக்கும் அணுவளவு வலுவைக்கொண்டு மனிதன் தன் கையைத் தானே வாய்வரை செலுத்தலாம். விலை ஆயிரத்து முந்நூறு டாலர்.

கடையில் வைத்திருந்த மாதிரியை அவர் நாற்காலியில் பூட்டினேன். மார்லிஸ் ஆப்பிள் கூழ் ஒரு கிண்ணம் கொண்டுவந்து வைத்தாள். ஆர்வின் கரண்டியை அதில் தோய்த்தார். முதற்கரண்டி சட்டையில் விழுந்தது, இரண்டாவது தாடையில். மூன்றாவது உள்ளே சென்றது. அவர் அதை விழுங்காமல் வாயிலேயே நெடுநேரம் வைத்திருந்தார். லவோன் சன்னல்பக்கம் திரும்பி, வெளியே நிறுத்தியிருந்த வண்டிகளை எண்ணுகிறவளைப் போல நின்றாள்.

"எப்படி இருக்கு ஆர்வின்?" என்றாள் மார்லிஸ்.

"பரவாயில்ல. மோசம்னு சொல்லமுடியாது," என்றார் அவர். அவர் கண் நிறைந்திருந்தது.

அந்தப் பதிலைக் கேட்டபோதே மார்லிஸ் அஞ்சியிருக்க வேண்டும். அவளும் குறையை வாய்விட்டுச் சொல்லாத அந்தச் சமவெளிக்காரிதானே, அது அவள் காதில் உறைக்கவில்லை.

விண்ணப்பம் போனது. ஐந்து வாரத்தில் கத்தரி நுனியில் மறுப்பு வந்தது. நோயாளிக்குக் குறையொன்றும் இருப்பதாகப் பதிவில்லை. மனைவியின் உதவியுடன் நன்றாக உண்கிறார். ஆகவே இக்கருவி பராமரிப்பவரின் வசதிக்கானது மட்டுமே. வசதிக்குக் காப்பீடு இல்லை. மார்லிஸ் மருத்துவரின் குறிப்பை வரவழைத்துப் பார்த்தாள். காப்பீட்டு நிறுவனம் பொய் சொல்லவில்லை. குறிப்பு அப்படித்தான் இருந்தது. அவள் தொலைபேசியை எடுத்து, நானும் கேட்கும்படி ஒலிபெருக்கியைத் திறந்தாள்.

"ஆர்வின், டாக்டரம்மா உங்களை என்ன கேட்டாங்க?"

"எப்படி இருக்கீங்கன்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நல்லா இருக்கேன்னு சொன்னேன். வேற என்ன சொல்றது?"

"கையைத் தூக்கமுடியலன்னு சொல்றது!"

"அத அவங்க கேக்கலையே மார்லிஸ். பாவம், அவங்களுக்கே அன்னைக்கு நல்ல ஜலதோஷம். மூக்கச் சிந்திக்கிட்டே இருந்தாங்க. அவங்ககிட்டப் போயி என் கதையை..."

"சாப்பாடு எப்படின்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க. லவோன் சமையல் பிரமாதம்னு சொன்னேன். என்னை நல்லாப் பாத்துக்கறான்னும் சொன்னேன். தப்பா?"

பின்னாலிருந்து லவோனின் குரல் வந்தது. "இத்தனை வருஷத்துல என் சமையலைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னதில்ல இந்த மனுஷன். சொல்லவேண்டாத இடத்துல போயி சொல்லியிருக்கார் பாரு!"

இறைவன் மனிதனுக்கு நாவைத் தந்தது போற்றுவதற்கு மட்டுமன்று, முறையிடுவதற்கும். உலகிலுள்ள துதிகளெல்லாம் பாதி புகழ்ச்சி, பாதி புலம்பல். இச்சமவெளியின் மக்களோ கோயிலில் புலம்பற்பாடல்களை நான்கு குரல் பிரித்து அழகாகப் பாடுவார்கள். படியிறங்கியதும், கால் ஒடிந்தவன்கூட 'இன்னும் மோசமாயிருக்கலாம்' என்பான். அவர்களுக்கு அது நல்லொழுக்கம். அந்த நல்லொழுக்கத்தைக் குறிப்பெடுத்து, முத்திரையிட்டு, அவர்கள் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்க ஒரு நிறுவனம் கற்றுக்கொண்டிருந்தது. என்னால் அதை ஒரு குமட்டலோடுதான் எழுத முடிகிறது.

புதிதாக ஒரு மருத்துவச் சந்திப்பு, புதிதாக ஒரு குறிப்பு, புதிதாக ஒரு விண்ணப்பம் என்று மார்லிஸ் முடிவு செய்தாள். சந்திப்புக்கு முந்தைய நாள் கணவன் மனைவி இருவரையும் கடைக்கு அழைத்து, பொய்யொன்றும் சொல்லவேண்டாம், உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும் என்றாள். அதுதான் அவருக்கு முடியாததாயிருந்தது.

"நான்தான் டாக்டர்னு வச்சுக்குங்க. ஆர்வின், எப்படி இருக்கீங்க?"

"நல்லா..."

"ஆர்வின்!"

"சரி, சரி. கொஞ்சம் சிரமமா இருக்குன்னு சொல்லலாம்."

"என்ன சிரமம்?"

"கை... கொஞ்சம் சோம்பேறி ஆயிடுச்சு."

லவோன் தன் கைப்பையை மேசைமீது போட்டாள். "சோம்பேறியாமே! அது செத்துக் கிடக்கு. ஒரு ஈ மூக்கு மேல உக்காந்தா ஓட்டறதுக்கு என்னைக் கூப்பிடறீங்க. அதைச் சொல்லுங்க!"

"ஈயைப் பத்தியெல்லாம் டாக்டர்கிட்ட எப்படிச் சொல்றது?"

"சொல்லுங்க. ஈயைப் பத்தித்தான் சொல்லணும்," என்றாள் மார்லிஸ்.

ஒரு மணிநேரம் போராடியபின் 'என்னால் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை' என்ற ஒரு வாக்கியத்தை அவர் வாயிலிருந்து பெற்றோம். சொல்லி முடித்ததும், சபையில் தகாததைச் சொல்லிவிட்டவர்போல் காது சிவந்துபோனார்.

மறுநாள் மருத்துவரிடம் அந்த வாக்கியத்தை அவர் உண்மையாகவே சொன்னார். மருத்துவரும் எழுதினார். அதோடு நின்றிருந்தால் கைத்தாங்கி வந்திருக்கும். இளம் மருத்துவர், நல்ல உள்ளம் படைத்தவர். இந்தக் கருவி கிடைத்தால் முதலில் என்ன செய்வீர்கள் என்று அன்போடு கேட்டிருக்கிறார். இலையுதிர்காலத்தில் கோயில் நிலவறையில் நடக்கும் மீன் விருந்துக்கு மூன்று ஆண்டுகளாகப் போகவில்லை, ஊரார் பார்க்க மனைவி ஊட்டுவது கூச்சமாயிருக்கிறது, அங்கே போய் நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிட ஆசை என்று ஆர்வின் சொல்லிவிட்டார். தனக்கென்று அவர் வாய்விட்டுச் சொன்ன ஒரே ஆசை அது. மருத்துவர் அதையும் எழுதினார்.

இரண்டாம் மறுப்பு ஜூலையில் வந்தது. வீட்டுக்குள் தேவைப்படும் கருவிக்கே காப்பீடு. வீட்டுக்கு வெளியே, கேளிக்கை நிகழ்ச்சிகளில் பயன்படுத்தும் கருவிக்கு இல்லை.

மார்லிஸ் அதை இரண்டுமுறை படித்தாள். "கேளிக்கையாம்," என்றாள். "சோப்புக்குப் போடற காரத் தண்ணில ஊறவச்ச மீனு. வாசனைக்கே பாதி ஊர் ஓடிடும். அது கேளிக்கையாம்." பிறகு சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு எங்கே முடிந்து இருமல் எங்கே தொடங்கியது என்று தெரியவில்லை. கை கழுவப் போனவள் வெகுநேரம் திரும்பவில்லை.

கடை முதலாளி கர்ட் கெட்டவரல்லர், களைத்தவர். அவர் மார்லிஸின் மேசையோரம் வந்து நின்றார்.

"விட்டுடு மார்லிஸ். இதுக்குச் செலவழிச்ச நேரத்துல நாலு நாற்காலி வித்திருக்கலாம். இல்லைன்னா அந்தப் பக்கத்து ஊர்க் கடைக்காரன் பண்றதை நாமளும் பண்ணுவோம். டாக்டருக்கு எல்லாத்தையும் எழுதியே அனுப்பிடறான். கையெழுத்து மட்டும்தான் அவங்க போடணும்."

"அந்தத் தாளை நானும் பாத்திருக்கேன் கர்ட். 'சாப்பாட்டு நேரத்தில் கண்ணீர் விடுகிறார்'னு இருக்கும். அவன் நோயாளிங்க எல்லாரும் ஒரே வரியில, ஒரே கமா போட்டு அழறாங்க."

"பணம் வருதில்ல?"

"வருது. அதான் வாந்தி வருது."

கர்ட் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார். மார்லிஸ் கடைசிப் படிக்கு எழுதினாள்: தொலைபேசி விசாரணை. பிரமாணம் செய்வித்து, ஒரு நடுவர் நோயாளியின் வாய்மொழியையே கேட்பார். அதற்கு மேல் வழியில்லை. இதில் தோற்றால், ஆர்வின் சாகும்வரை பிறர் கையால்தான் உண்ண வேண்டும். அவர்களுடைய ஓய்வூதியத்தில் எஃகுத் தண்டு வாங்க இடமில்லை, கடன் வாங்கவோ கோயிலில் தட்டு ஏந்தவோ அவர் சம்மதிக்கமாட்டார்.

விசாரணை அக்டோபரில், காலை பத்து மணிக்கு. கிழங்கு அறுவடைக் காலம்; வழியெல்லாம் லாரிகள் சிந்திய கிழங்குகள் சக்கரத்தில் நசுங்கிப் புளித்துக் கிடந்தன. கருவியைப் பற்றிக் கேட்டால் விளக்க நானும் மார்லிஸோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன். எங்களைப் பார்த்ததும் லவோன் வாசலுக்கு வந்தாள்.

"என்ன கேப்பாங்க?" என்றாள் தணிந்த குரலில்.

"அவர் கையைப் பத்திக் கேப்பாங்க. அது பயமில்ல. அப்புறம் உங்களைக் கேப்பாங்க. உங்களால ஊட்டமுடியுமா, ஊட்ட விருப்பமான்னு."

"முடியும். விருப்பம்னு சொன்னா?"

"அப்ப கருவி உங்க வசதிக்குன்னு ஆயிடும். முதல் கடிதம் மாதிரிதான்."

"வேற என்ன சொல்லணும்?"

மார்லிஸ் அவள் முகத்தைப் பார்த்தாள். "அதை நான் சொல்லித்தரக் கூடாது, லவோன். சொல்லித்தரவும் மாட்டேன்."

லவோனுக்கு வலது மணிக்கட்டில் வாதம் உண்டு. அதை அவள் சொல்வாள், அதுவே போதும் என்று மார்லிஸ் மனத்துக்குள் கணக்கிட்டிருந்தாள். அதைப் பின்னால் என்னிடம் சொன்னாள்.

சமையலறை மேசைமீது தொலைபேசி இருந்தது. பெண் நடுவர், மரியாதையான குரல், பின்னணியில் தட்டச்சு ஓசை. எல்லாரும் பிரமாணம் செய்தோம். ஆர்வினிடம் கை பற்றிக் கேட்டார். அவர் அந்த ஒரு வாக்கியத்தைத் தட்டுத் தடுமாறிச் சொன்னார். வீட்டில்தானா என்று கேட்டார். வீட்டில்தான், மூன்று வேளையும், என்றார். மார்லிஸ் மூச்சை விட்டாள்.

"திருமதி ஹெல்லண்ட், இப்போ உங்ககிட்ட. உங்க கணவருக்கு ஊட்டறது உங்களால முடியுதா?"

"முடியுது."

"தொடர்ந்து செய்ய உங்களுக்கு விருப்பம்தானே?"

லவோன் தன் இரு உள்ளங்கைகளையும் மேசைவிரிப்பின்மேல் பதித்தாள்.

"இல்ல," என்றாள்.

"மன்னிக்கணும்?"

"விருப்பமில்ல. அலுத்துப்போச்சு. என் சாப்பாடு சூடா இருந்து நாலு வருஷமாச்சு. அவருக்கு ஊட்டி, துடைச்சு, தண்ணி குடுத்து, மறுபடி துடைச்சு, அப்புறம் நான் உக்காந்தா எல்லாம் கட்டியாக் கிடக்கு. நாப்பத்தாறு வருஷம் இந்த மனுஷனோட இருந்திருக்கேன். பாலத்துமேல நின்னு அவர் லாரி வர்றதைப் பாப்பேன், அப்படி ஒரு முகம் அது. இப்பல்லாம் அவரைப் பாத்தா எனக்கு வாய் மட்டும்தான் தெரியுது. திறக்கிற வாய். எனக்கு அருவருப்பா இருக்கு. போதுமாம்மா? எழுதிக்கிட்டீங்களா?"

தட்டச்சு ஓசை இன்னும் சிறிது நேரம் கேட்டது. பின் நின்றது.

"எழுதிக்கிட்டேன், திருமதி ஹெல்லண்ட். திரு ஹெல்லண்ட், நீங்க ஏதாவது சேர்க்கணுமா?"

ஆர்வின் மேசைவிரிப்பின் கட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இல்லம்மா. இவ்வளவு நேரம் ஒதுக்கினதுக்கு நன்றி," என்றார்.

வெற்றிக் கடிதம் மூன்று வாரத்தில் வந்தது. மார்லிஸ் அதைப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். 'மனைவி, உணவூட்ட விருப்பமற்றவர் என்றும், அச்செயலில் அருவருப்புடையவர் என்றும் பிரமாணத்தின்கீழ் கூறியுள்ளார். ஆகவே கருவி மருத்துவத் தேவை எனக் கருதப்படுகிறது.' இதே நகல் ஹெல்லண்ட் வீட்டுக்கும் தபாலில் போயிருந்தது. விதிப்படி அப்படித்தான். கரையும் தசையைக் கொண்டு நிறுவ முடியாத தேவை, ஒரு மணவாழ்வைப் பிளந்து காட்டியபோது உடனே நிறுவப்பட்டுவிட்டது.

"ஜெயிச்சுட்ட," என்றார் கர்ட், போகிற போக்கில்.

"வாயை மூடு கர்ட்," என்றாள் மார்லிஸ். முதலாளியிடம் அவள் இதற்குமுன் அப்படிப் பேசியதில்லை. அவரும் வாயை மூடிக்கொண்டார்.

கைத்தாங்கியைப் பொருத்த நவம்பரில் போனோம். தண்டைப் பூட்டி, தொட்டியை அவர் முன்கைக்கு ஏற்றபடி சாய்த்து, திருகை முடுக்கினேன். லவோன் இரண்டு கிண்ணங்களில் சூப் ஊற்றினாள். ஒன்றை அவர்முன் வைத்தாள். மற்றொன்றோடு மேசையின் மறுமுனையில் உட்கார்ந்து, ஆவி பறக்கும்போதே உண்ணத் தொடங்கினாள்.

ஆர்வின் ஒரு கரண்டி அள்ளினார். கை மெல்ல எழுந்தது, சிந்தவில்லை. இன்னொன்று. அவர் முகத்தில் ஒரு குறும்பு வந்தது.

"நல்லாத்தான் பொய் சொன்ன அன்னைக்கு. நாடகத்துல சேர்ந்திருக்கலாம் நீ."

லவோன் நிமிரவில்லை. "பொய்னு யார் சொன்னா?" என்றாள்.

அவள் குரலில் சினம் இல்லை, விளையாட்டும் இல்லை. உண்மையாகவே சொன்னாளா, அவருக்காகத் தன்னைத் தானே இழித்துக்கொண்டாளா என்று எனக்குத் தெரியாது. மார்லிஸுக்கும் தெரியாது. அவருக்கும் தெரியவில்லை என்பதை அவர் கையில் பார்த்தேன். தாங்கி தாங்கிக்கொண்டுதான் இருந்தது. கரண்டி பாதிவழியில் அசையாமல் நின்றது. பிறகு மேலே போயிற்று.

உண்டு முடித்ததும் மார்லிஸ் ஒப்படைப்புப் படிவத்தை நீட்டினாள். பேனாவைப் பிடித்துத் தானே கையெழுத்திட்டார். எழுத்து கோணலானாலும் அவருடையது. அதற்குக் கீழே இன்னொரு கோடு இருந்தது: பராமரிப்பவர் பெயர்.

"இதுல லவோன் பேரைப் போடணும்," என்றாள் மார்லிஸ்.

ஆர்வின் பேனாவைக் கீழே வைத்தார். "வேணாம், அதை வெறுமையாவே விட்டுடுங்க," என்றார் பணிவாக. "அவளை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்?"

லவோன் தன் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பாத்திரம் கழுவும் தொட்டியடிக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். தண்ணீர் ஓடிக்கொண்டேயிருந்தது, கிண்ணத்தை அவள் கழுவவில்லை.

வெற்றுக்கோடு உள்ள படிவத்தை நிறுவனம் திருப்பி அனுப்பிவிடும். மார்லிஸ் வண்டியில் ஏறியபின் படிவத்தை மடிமீது வைத்து, அந்தக் கோட்டில் 'எவருமிலர்' என்று எழுதினாள். எழுதியதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்து, குனிந்து, உறைந்த தெருவின்மீது துப்பினாள். பின்பு கதவைச் சாத்திக்கொண்டு, வண்டியை எடுக்கச் சொன்னாள்.